இலவச மாணவர்கள்

மர்ஜானிஷ்விலி நிலையத்துக்குப் பின்தெரு,
ஆறாம் மாடி, மாலை ஆறு மணி.
எங்களுக்குக் கட்டணம் கிடையாது.
முடிதிருத்தும் கடையில் புதுப் பையனுக்குத்
தலையைக் கொடுப்பதுபோலக்
காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

மாதம் ஒரு கூட்டம், ஆறு புது ஆசிரியர்கள்.
மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே
எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
போன சனி ஞாயிறு என்ன செய்தீர்கள்?

முப்பத்தொரு தடவை சொல்லியாயிற்று.
எட்டாம் தடவையோடு உண்மை தீர்ந்துபோனது.
பிறகு மலையேறினேன், கரடியைப் பார்த்தேன்,
இல்லாத மைத்துனனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன்.
இறந்தகாலம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

பகலில் நான் லிஃப்டுகளின் உண்டியல் திறப்பவன்.
திபிலீசியின் பழைய கட்டடங்களில்
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே போகலாம்.

அந்தப் புதன்கிழமை
நெரிஸ் லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்.
ஐம்பத்தெட்டு வயது. ஸ்வான்சியில்
வங்கிக் கவுன்டரில் இருந்தவர்; கிளையையே மூடிவிட்டார்களாம்.
முந்தைய இரண்டு வகுப்பிலும் தேறவில்லை.
அவருக்கு மார்க் போடுகிற லாஷா எங்கள் ஊர்ப் பையன்,
முப்பதுகூட ஆகவில்லை,
அந்த அம்மாள் பாலோடு குடித்த மொழியைக்
காசு கொடுத்துக் கற்றவன்.
“நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்” என்று
தாளில் எழுதிக் கொடுத்திருந்தான்.

காசு போட மறந்து, மூடிய கதவைப் பார்த்து
ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்:
“முதலில் கேளுங்கள். இப்போதே எழுத வேண்டுமா?”
கதவு பதில் சொல்லவில்லை.
“வேண்டாம்” என்றேன்.
வேலை உடுப்பில் என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு.
நாணயத்தைப் போட்டேன்.

அன்றைய பாடம் வினைச்சொல்லின் வாலில் வரும் அந்த ஸ்.
மருந்துக்கடை குராண்டா
ஐந்து கூட்டங்களாய் அதைத் தவறவிட்டதே இல்லை.
நெரிஸ் கை மேலேயே பார்வையாய் இருந்தவள்
திடீரென்று “ஷி கோ டு ஒர்க்” என்றாள்.
புரிந்தது.
தையல்கார குல்நாரா ஒரு ஸ்ஸை விழுங்கினாள்.
சாசா இரண்டை விழுங்கினான்.
திருத்துவதற்கு ஏதாவது வேண்டாமா அவருக்கு?
பின்வரிசையில் லாஷாவின் பேனா நின்றது.
இரண்டு வருடமாய் எங்களைக் கேட்கிறவன்.
என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நெரிஸ் விடையைச் சொல்லவில்லை.
விரல்களில் சொற்களை அடுக்கி
இரண்டாம் விரலின் நுனியைப் பிடித்து ஆட்டினார்.
“கோஸ்!” என்று கத்தினோம்,
முதல்முறை கண்டுபிடித்தவர்கள்போல.

என் முறை வந்தது.
மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.
“மை டாட்டர் லிவ் இன் போலந்து” — இது நடிப்பு.
“ஹி ஒர்க் அட் நைட்” — இதில் பாதி நடிப்பில்லை.
அவனுக்கும் அவளுக்கும்
எங்கள் மொழியில் ஒரே சொல்தான்.

“ஹி?”

கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.
விரல் இல்லை, புன்னகை இல்லை,
கையிலிருந்த பாடத்திட்டத்தில் இந்த இடம் இல்லை.
ரேடியேட்டர் ஒருமுறை கனைத்தது.

“ஷி” என்றேன்.
ஷி ஒர்க்ஸ் அட் நைட்.
ஷி ஸ்லீப்ஸ் வென் ஐ கால்.
ஷி சேஸ் நெக்ஸ்ட் இயர்.
எல்லா ஸ்ஸும் வரிசையாக வந்து நின்றன.
நடிக்க மறந்துவிட்டிருந்தேன்.

லாஷா என்ன எழுதினான் என்று தெரியாது.
வெள்ளிக்கிழமை எல்லோரையும் கட்டிக்கொண்டார்,
ஆக, தேறியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை அந்த லிஃப்ட் பாதியில் நின்றது.
திருப்புளியோடு போய்த் திறந்தால்
உண்டியலின் தொண்டையில்
ராணி தலை போட்ட வெளிநாட்டுக் காசு குறுக்கே கிடக்கிறது.
எனக்குப் பட்ட கடனை அடைக்கப் பார்த்திருக்கிறார்!

நெம்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
திங்கட்கிழமை வருகிற புது ஆள்
சனி ஞாயிறு என்ன செய்தாய் என்பார்.
இந்தத் தடவை கரடி வேண்டியதில்லை.
லிஃப்டை ஹி என்பதா, ஷி என்பதா என்று
நானும் ஒரு கேள்வி கேட்டு
விடை தெரியாதவனாய்
அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.